பொத்தான் மாறிய தெரு

பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். மூக்கை வைத்து இல்லை, கண்ணை வைத்து. படத்தில் யார் வருகிறார், என்ன வண்டி போகிறது, எந்தக் கடை திறந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதுவது அவள் வேலை. ஒரு ஈ பறந்தாலும் விடமாட்டாள் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

போன மாதம் நூறு வருஷத்துக்கு முந்தைய தெருப்படம் ஒன்று வந்தது. தபால் நிலைய மாடியிலிருந்து எடுத்தது. அதில் தொப்பிக்காரர் ஒருவர் விறுவிறுவென்று நடந்து வந்து குப்புற விழுவார். கழுகு அந்த ஒன்பது விநாடியை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி முன்கூடத்து டிவியில் போட்டாள். விழுவார், அடுத்த நொடியே மறுபடி நடந்து வருவார். வருகிறவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தத் தெருப்படத்துக்காகவே புதன்கிழமைதோறும் ஒரு தையல்காரர் வந்தார். எழுபது வயது. அவருடைய தாத்தா அந்தத் தெருவுக்கு இரண்டு தெரு பின்னால் குடியிருந்தவர். யாரையோ வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனவர் திரும்பவே இல்லை. எவளோடோ ரயிலேறிவிட்டார் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அப்போது நாலு வயதாயிருந்த தையல்காரரின் அப்பா, 'ஓடிப்போனவன் மகன்' என்ற பேரோடேயே, தகப்பனைத் திட்டிக்கொண்டே, கிழவராகிச் செத்தார். தாத்தா ஓடினாரா இல்லையா, அதைத் தெரிந்துகொண்டால் போதும் இவருக்கு. கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் தாத்தாவின் இடது தோள் நன்றாக இறங்கியிருந்தது.

"தோள் இறங்கின ஆள் ஒருத்தர் இருக்கார் ஐயா, நம்ம தொப்பிக்காரர். ஆனா அவருக்கு வலது தோள். அவர் உங்க தாத்தா இல்ல," என்று கழுகு மூன்று வாரமாக அடித்துச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் யார் எதிர்த்துப் பேசுவது?

நாலாவது வாரம் தையல்காரர் விடவில்லை. "இல்லாட்டிப் போகட்டும்மா. கொஞ்சம் பெரிசாக் காட்டுங்க. அந்தக் காலத்துக் கோட்டு எப்படித் தைச்சிருக்காங்கன்னாவது பார்த்துட்டுப் போறேன்."

அவள் தன் அறைத் திரையில் படத்தை ஓட்டி நிறுத்தினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் மூக்கு முட்டும்படி குனிந்தார். குனிந்தவர் சிரித்துவிட்டார்.

"என்னம்மா இது, தெருவே பொம்பளைக் கோட்டு போட்டுக்கிட்டுத் திரியுது?"

"என்ன ஐயா சொல்றீங்க?"

"ஆம்பளைக் கோட்டுல பொத்தான் வலப்பக்கம் இருக்கும். பொம்பளைங்களுக்குத்தான் மாத்தித் தைப்போம். இங்க பாருங்க, இவன், இவன், அந்த மீசைக்காரன், எல்லாருக்கும் இடப்பக்கம். ஒருத்தனுக்குன்னா தைச்சவன் தப்பு. ஊருக்கே எப்படிம்மா மாறும்?"

கழுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படச்சுருளுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். கணினிக்கு ஏற்றும் இயந்திரத்தில் பக்கம் மாற்றிப் போட்டால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாம் இடம் வலமாகிவிடும். கடைப் பலகைகளில் எழுத்து மங்கியிருந்ததால் காட்டிக்கொடுக்க ஆளில்லை. சுருளைப் போட்டவளும் அவள்தான்.

ஒரு பொத்தானை அழுத்தினாள். தெரு திரும்பியது. தொப்பிக்காரருக்கு இடது தோள் இறங்கியது. தையல்காரர் போட்டோவைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கோட்டு, அதே இறக்கம், அந்த இறக்கத்துக்காகக் கழுத்தோரம் பிடித்துத் தைத்த அதே மடிப்பு.

"ஸ்டேஷன் எந்தப் பக்கம்மா?"

"தபால் நிலையத்திலேர்ந்து பார்த்தா இடது." திருப்பிய படத்தில் அவர் இடமிருந்து வலமாக, ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வர்றாரும்மா! எங்க தாத்தா வீட்டுக்குத்தான் வர்றாரு!" கிழவர் துள்ளாத குறைதான். "ஓட்டுங்க, ஓட்டுங்க. விழுந்தவர் எழுந்து வரட்டும்."

அவள் கை நகரவில்லை. விழுந்ததற்குப் பிறகு என்ன இருக்கிறது? பட்டியலில் 'கூட்டம், தெளிவில்லை' என்று இரண்டு சொல் எழுதிவிட்டு அடுத்த சுருளுக்குப் போனவள் அவள்தானே. ஈயை விடாத கண் அங்கே சோம்பல்பட்டிருந்தது.

ஓட்டினாள், மெதுவாக.

அவர் கால் தடுக்கவே இல்லை. பின்னால் வந்த குதிரை வண்டியின் முன்னே நீண்டிருந்த ஏர்க்கால் முதுகில் இடித்தது; வேகமாக ஓடியபோது அது கண்ணிலேயே பட்டிருக்கவில்லை. சக்கரம் ஏறி இறங்கியது. கூட்டம் மறைத்தது. விலகியபோது நாலு பேர் அவரைத் தூக்கி அதே வண்டியில் போட்டார்கள். ஒரு கை வெளியே தொங்கியது. அவர்களில் யாருக்கும் அவரை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. வண்டி போயிற்று. எவளோ ஒருத்தி தொப்பியை எடுத்தாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள், ஒரு சுவர்மேல் வைத்துவிட்டு நடந்தாள். வீடு இரண்டு தெரு தள்ளி.

பெற்ற பிள்ளை ஆயுசு முழுக்கத் தகப்பனைத் திட்டிக்கொண்டே செத்ததும், அந்தத் தகப்பனை ஒரு மாதமாகத் தான் ஊர் சிரிக்க விழவைத்துக்கொண்டிருப்பதும் கழுகுக்கு ஒன்றாக உறைத்தது. டிவியை நிறுத்த எழுந்து ஓடப்பார்த்தாள். தையல்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப உள்ள வர்றதுக்கு முன்னாடி நானும் அங்க நின்னு பார்த்தேம்மா," என்றார். "ரெண்டு தடவை சிரிச்சேன்."