கேட்காமல் கொடுத்தது

குட்டைமுடிக்காரி தன் பிஸ்கட்டை மூன்றாவது ஆளிடம் நீட்டியபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நான்கு வயது. முந்தின நாள் ஒரு பொம்மைக் காருக்காகப் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பல் பதியக் கடித்தவள். இன்றைக்குத் தட்டை ஏந்திக்கொண்டு பெரிய வள்ளல் மாதிரி அறையைச் சுற்றி வருகிறாள். அவளுக்கு அந்தச் சுவரில் இருப்பது வெறும் நிலைக்கண்ணாடி. இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது ஜன்னல். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துத் தாளில் கோடு போடுவது என் வேலை. கேட்டபின் கொடுத்தது, கேட்காமல் கொடுத்தது, கொடுக்கவில்லை என்று மூன்று கட்டங்கள். பிற்பகல் குழுவில் மூன்று வாரமாக நடுக்கட்டம் நிரம்பி வழிகிறது. காலைக் குழுவில் அதே கட்டம் துடைத்துவைத்த மாதிரி கிடக்கிறது.

மறதி நோய்க்காரர்களுக்காக எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு சத்துத் தூள் செய்திருந்தது. மூளை தேய்வதை மெதுவாக்குமாம். பிஸ்கட்டில் கலந்து கீழ்த்தளத்து வார்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேய்கிற மூளைக்கு நல்லதென்றால் வளர்கிற மூளைக்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்று பேராசிரியைக்குத் தோன்ற, குழந்தைகள் வந்தார்கள். ஒரு குழுவுக்குத் தூள் போட்டது, இன்னொன்றுக்குப் போடாதது. எது யாருக்கென்று கோடு போடும் இருவருக்கும் தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் பேராசிரியையின் முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது. பகிரும் குணம் வளர்கிறது என்று கட்டுரையே எழுதி முடித்துவிட்டார். என்னோடு கோடு போடுகிறவன், அப்பா அம்மா இரண்டு பேருமே பேராசிரியர்களாக உள்ள வீட்டுப் பிள்ளை, கணக்கெல்லாம் சரி என்று தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான். இரண்டாவது கையெழுத்து நான் போட வேண்டியது.

பகிர்தல் என்ற சொல்லை நான் கல்லூரியில்தான் கேட்டேன். நாங்கள் நான்கு பிள்ளைகள். எங்கள் வீட்டில் புழங்கிய சொல், தள்ளிவிடுவது. நமக்கு வாயில் வைக்க முடியாததை, முகத்தில் பாசத்தை வரவழைத்துக்கொண்டு, தம்பி தட்டில் தள்ளிவிடுவது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்திருந்தால் நாங்கள் நாலு பேருமே தர்மவான்கள். பேராசிரியை வீட்டுக்கு ஒரே பிள்ளை. தள்ளிவிடத் தம்பி இல்லாத ஆளுக்கு இது எப்படிப் புரியும்?

அடுமனை அறைக்குப் போனேன். அங்கே பிஸ்கட் சுடுகிறவரை எல்லோரும் மாவு அக்கா என்போம். இதை யாராவது சாப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்டதற்கு, கையுறையைக் கழற்றாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொறுமொறுப்பு பாக்க மெஷின் இருக்கு. ஈரம் பாக்க மெஷின் இருக்கு. வாயில போட்டுப் பாக்கணும்னு லிஸ்ட்ல இல்லம்மா. எனக்கு வேற சுகர்."

எண் மட்டும் ஒட்டிய இரண்டு தட்டுகளிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துக் கடித்தேன். ஒன்று சாதாரண பிஸ்கட். மற்றதும் முதலில் இனித்தது. விழுங்கியபின் நாக்கின் அடியிலிருந்து ஏறியது பாருங்கள் ஒரு கசப்பு, தண்ணீர் இல்லாமல் மாத்திரையைக் கரையவிட்ட மாதிரி. தொட்டியில் துப்பினேன். மாவு அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அப்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது.

கீழ்த்தளத்து வார்டில் அப்பா இரண்டு மாதமாக இருக்கிறார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தன் தட்டிலிருந்து ஒரு பருக்கையை யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. என் பெயர் போய் ஒரு வருடம் ஆகிறது. அப்படிப்பட்டவர் மூன்று வாரமாக, நான் நாலு மணிக்குப் போனால், ஒன்றும் பேசாமல் பிஸ்கட்டில் பாதியை உடைத்து என் பக்கம் நீட்டுகிறார். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வேன், தின்ன மனசு வராது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், மனுசனுக்கு மகளை அடையாளம் தெரியுது என்று. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பேராசிரியையிடம் சொன்னேன். கட்டுரையின் முதல் பத்தியில் அது இருக்கிறது. 'ஒரு நோயாளி, தன் மகளுக்கு.'

கசக்கிறது, அதனால்தான் பிள்ளைகள் கொடுக்கிறார்கள் என்று பேராசிரியையின் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. குழந்தைகளின் சுவையைப் பற்றி நாம் தரவு எடுக்கவில்லை என்றார். எடுக்காதது யார் தப்பு என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, அக்கறையாகக் கேட்டார்.

"அப்ப உங்கப்பா உனக்குக் குடுக்கறதும் அதுக்காகத்தானாம்மா?"

கோடு போட்ட தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து நாளைக் காலைக்குள் வேண்டும் என்றார்.

நாலு மணிக்கு வார்டுக்குப் போனேன். கையில் காகிதத்தில் மடித்த இரண்டு பிஸ்கட்டுகள், இரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொன்று. மடியில் இன்னும் கையெழுத்துப் போடாத அந்தத் தாள். அப்பா ஜன்னலோர நாற்காலியில், சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டையும் அவர் தட்டில் வைத்தேன். பெற்ற அப்பனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைக்கிறோமே என்று கூசியது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்றின் ஓரத்தைக் கடித்தார். மென்றார். மற்றதையும் கடித்தார். முகம் சுளித்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சுளிக்கவைத்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க நர்சம்மா."

நல்லதை அவர் தின்னவில்லை. காகிதத்தில் திரும்ப மடித்தார். லாரி ரசீதுகளை மடிப்பது போல நான்காக, ஓரம் பிசகாமல். சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"அது யாருக்கு?"

"எம் பொண்ணு வருவா. நாலு மணிக்கு."

சுவர்க்கடிகாரத்தில் நாலே கால். கையிலிருந்ததை வாயில் போட்டு மென்றேன். கசப்பு மெதுவாக ஏறியது. மடியில் மூன்று கட்டங்கள். அப்பா பையின் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.