ஜப்பான் வாளுக்கு ஆயுத பூசை

பீச் ரோட்டில் கப்பல் சாமான் கடை வைத்திருக்கும் பாண்டியராஜனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஜப்பான் வாள் பைத்தியம் மட்டும்தான் உண்டு. குடிகாரர்களையாவது கொண்டுபோய்ச் சேர்க்க ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்தப் பைத்தியத்தை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று அவர் மனைவி செண்பகத்துக்குத் தெரியவில்லை.

ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் மரப்பெட்டிகள் இருந்தன. பெட்டிகளுக்குள் வாள்கள், வாள் பிடிகள், உறைகள், அலகுக்கும் பிடிக்கும் நடுவே கையைக் காக்கிற இரும்பு வட்டுகள். வெளிநாட்டு ஏலத்தில் வாங்கியவை, கப்பலில் வந்தவனிடம் வாங்கியவை, ஏமாந்து வாங்கியவை என்று எல்லாம் கலந்து கிடக்கும். இவற்றுக்கென்று வீட்டில் ஒரு சட்டமும் உண்டு. யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. வாளை உருவிப் பார்க்கும்போது வாயில் எதையாவது கவ்விக்கொள்ள வேண்டும், மூச்சின் ஈரம் இரும்புக்கு ஆகாது. ஜப்பானில் இதற்கு ஒரு துண்டுக் காகிதத்தைக் கவ்விக்கொள்வார்களாம். பாண்டியராஜன் தோளில் கிடக்கும் துண்டைக் கவ்விக்கொள்வார். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், வாயில் துண்டும் கையில் வாளுமாக நின்ற வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, சிலிண்டரைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். செண்பகம்தான் அதை உருட்டிக்கொண்டு வந்தாள்.

இந்த நிலைமையில்தான் ரோச் ஒரு வாளோடு வந்தார். ரோச் கப்பலில் போசனாக, அதாவது மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் திறந்தால் பாதி உலகம் வரும், அதில் பாதி உண்மையாக இருக்கும். அவருடைய தாத்தா காலத்தில் முத்து வாங்க வந்த ஜப்பான்காரன் ஒருவன், கடலில் விழுந்து, தாத்தா கையால் பிழைத்தானாம். அந்த நன்றிக்குக் கொடுத்த வாளாம். தங்க முலாம் பூசிய வட்டில் டிராகன் சுருண்டு கிடந்தது. பிடிக்குள் நுழைகிற காம்பில் துருவுக்கு நடுவே ஜப்பான் எழுத்தில் யாரோ ஒரு கொல்லனின் பெயர். பாண்டியராஜன் பேரம்கூடப் பேசவில்லை. பேசாததில் ரோச்சுக்கே கொஞ்சம் சங்கடமாகி, கறுப்பாக, தட்டையாக இன்னொரு வட்டைக் கொசுறாகக் கொடுத்தார். அதில் அலங்காரம் ஒன்றும் இல்லை, ஓரத்தில் கோணலாக ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. பாண்டியராஜன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூலையில் போட்டார். செண்பகம் அதை எடுத்து மாவுப் பானை மூடி மேல் வைத்துக்கொண்டாள். தூத்துக்குடி வெக்கையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும், மேலே கனமாக ஏதாவது வேண்டும்.

டிராகன் வாள் வீட்டுக்கு வந்த அன்றுதான் செண்பகம் பொறுமை இழந்தாள்.

"ஏங்க, இது வீடா, எங்கண்ணன் வெள்ளத்துரையோட பழைய இரும்புக் கடையா? மனுசி நடக்க வழியில்ல."

"ஏளா, இது நானூறு வருசத்துச் சாமான். விவரம் தெரிஞ்சவன் பாத்தா மலைச்சிப் போவான்."

"அப்போ விவரம் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வாங்க. இந்த வாள நெசம்னு சொன்னா நானே ஆசாரியக் கூப்புட்டு ஹாலுல கண்ணாடி அலமாரி அடிச்சித் தாரேன். பொய்யின்னா இந்த இரும்பு அம்புட்டும் எங்கண்ணன் கடைக்குப் போயிரணும். பெறவு ஒரு ஆணி வாங்கப்படாது."

பாண்டியராஜன் திருச்செந்தூர் முருகன் மேல் ஆணையிட்டுச் சம்மதித்தார். மனதுக்குள் அலமாரிக்கு உள்ளே விளக்கு வைப்பதா வேண்டாமா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

விவரம் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருந்தார். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; அந்த ஊர் நூஹு காக்கா வாலிபத்திலிருந்து கோபே நகரத்தில் முத்து வியாபாரம் பார்த்தவர். அங்கே பழைய வாள் பார்க்கிறவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து கண் தேர்ந்தவர். ஆயுத பூசைக்கு மறுநாள் வருவதாகப் போனில் சொன்னார்.

"பிடியக் கழத்தி வச்சிருங்க. நான் காம்பத்தான் மொதல்ல பாக்கணும். காம்புல உள்ள துருவ மட்டும் தொட்டுராதிய. அந்தத் துருதான் வாளோட வயசு. அதத் தொடச்சா எல்லாம் போச்சு."

பாண்டியராஜன் ஆயுத பூசை அன்று காலையில் பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். வாளைத் தனியாகவும் பிடியைத் தனியாகவும் வெள்ளைத் துணியில் பரப்பினார். அதற்குள் கடையிலிருந்து ஆள் வந்து, பூசணிக்காய் வந்துவிட்டது, நல்ல நேரம் போகிறது என்றான். போட்டது போட்டபடி ஓடினார். துருவைத் தொடக் கூடாது என்பதை நூஹு காக்கா அவரிடம் சொன்னார். அவர் செண்பகத்திடம் சொல்லவில்லை.

செண்பகம் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை, இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அரிவாள்மனை, தேங்காய் துருவி, தையல் மெஷின், கடப்பாரை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு ஹாலில் துணி மேல் கிடந்த டிராகன் வாளைப் பார்த்தாள். வெளியே எடுத்து வைத்திருந்ததில் நிஜமான ஆயுதம் அது ஒன்றுதான். அதை அழுக்கோடு விட்டுவிட்டு அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்தால் சாமி என்ன நினைக்கும்? நாளைக்கு விருந்தாளி வேறு வருகிறார். மண்ணெண்ணெய் ஊற்றினாள், உப்புத்தாள் போட்டாள், கடைசியில் புளி வைத்து ஒரு தேய். மாவுப் பானை மேல் இருந்த வட்டையும் விட்டுவைக்கவில்லை.

பொரிகடலையோடு மத்தியானம் வீட்டுக்கு வந்த பாண்டியராஜன் பூசை அறையைப் பார்த்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாள் கிடந்தது. காம்பு எவர்சில்வர் டம்ளர் போல மின்னியது. அதில் மூன்று இடத்தில் பொட்டு, மேலே ஒரு முழம் மல்லிகை.

"துரு எங்க?" என்றார்.

"அதெல்லாம் சுத்தமாப் போயிட்டு. பாருங்க, மொகம் பாக்கலாம்."

திட்ட வாயெடுத்தவர் அவள் விரல்களைப் பார்த்தார். உப்புத்தாள் பட்டு நுனியெல்லாம் சிவந்திருந்தது. பொரியைத் தட்டில் கொட்டினார். அன்றைக்கு அவர் சுண்டல்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் நூஹு காக்கா வந்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார், காம்பைப் பார்த்தார், பூதக்கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"யாரு செஞ்சது?"

"ஆயுத பூசை காக்கா," என்றார் பாண்டியராஜன்.

நூஹு காக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, செண்பகத்தைப் பார்த்து, "எவ்வளவு நேரம்மா தேய்ச்சிய?" என்றார்.

"சோறு கொதிக்குததுக்குள்ள முடிஞ்சிட்டு. லேசா வந்துட்டு."

நூஹு காக்கா நிமிர்ந்தார். பூதக்கண்ணாடி மறுபடி வெளியே வந்தது. காம்பை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அலகின் கூர்முனையோரம் அலை போல் ஓடும் கோட்டை நகத்தால் தடவினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"பாண்டியராஜா, நானூறு வருசத் துரு இரும்போட ஒட்டிக் கெடக்கும். புளிக்கும் உப்புத்தாளுக்கும் பயந்து ஒரு ஒலைச் சோத்து நேரத்துல ஓடாது. இது ஆசிட் ஊத்தி வரவழைச்ச துரு. அடியில பாருங்க, கிரைண்டர் ஓடுன தடம். நெசமான வாளுல இந்த அலை காய்ச்சித் தண்ணியில முக்கையில வரும், இது ஆசிட்ல வரைஞ்சது. துரு இருந்திருந்தா நானே கொஞ்சம் யோசிச்சிருப்பேன். உங்க வீட்டம்மா என் வேலைய மிச்சப்படுத்திட்டாக."

பாண்டியராஜன் கண்ணாடி அலமாரி வைக்க நினைத்திருந்த சுவரைப் பார்த்தார். அலமாரி போயிற்று. அலமாரி கிடக்கட்டும், இத்தனை வருஷமாக அவர் ஆசை ஆசையாகச் சேர்த்ததெல்லாம் போயிற்று. முருகன் மேல் ஆணை வேறு.

ஜெயித்த சந்தோஷத்தையும் மீறிச் செண்பகத்துக்கு ஒரு விஷயம் இடித்தது. "அப்போ அந்த வட்டுல உள்ள கறுப்பு மட்டும் ஏன் போகல? அதையும் இதே புளியிலதான் தேய்ச்சேன். கையே போயிட்டு. சனியன்னு திரும்ப மாவுப் பானை மேலயே வச்சிட்டேன்."

"எந்த வட்டு?" என்றார் நூஹு காக்கா.

அடுக்களையிலிருந்து வந்த வட்டில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. நூஹு காக்கா உலர்ந்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தார். இம்முறை சிரிக்கவில்லை. விளிம்பில் விரலை ஓட்டினார், கோணல் ஓட்டையைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இது நெசம். முந்நூறு வருசம் தேறும். அருமையான கை. ஓரத்துல கொஞ்சம் அந்தப் பழைய கறுப்புத் தோலு போயிருக்கு, நல்லவேளை சலிச்சிப் போயி விட்டுட்டிய. இந்த ஓட்டை என்னன்னு தெரியுதா? கடல் அட்டை உருவம். ஜப்பான்ல வட்டுல இப்படி வெட்டுவாக."

"கடல் அட்டையா? அது தடை பண்ணுன சாமானாச்சே, வச்சிருந்தாப் போலீசு புடிக்குமே," என்றாள் செண்பகம்.

"இதுக்குப் புடிக்காது."

பாண்டியராஜனுக்கு உயிர் திரும்பி வந்தது. "செண்பகம், பாத்தியா, நெசமான சாமான் நம்ம வீட்டுல இருக்கு. அலமாரி," என்று ஆரம்பித்தார்.

"நம்ம வீட்டுல இல்ல. என் மாவுப் பானை மேல இருந்துச்சி. நீங்க மூலையில தூக்கிப் போட்டத நான் எடுத்து வச்சிருக்கேன். உங்க வாளு பொய்யி. பேச்சு பேச்சுதான்."

நியாயம் யார் பக்கம் என்று பாண்டியராஜன் நூஹு காக்காவைப் பார்த்தார். நூஹு காக்கா காப்பியைப் பார்த்தார்.

மறு வாரம் வெள்ளத்துரை லோடு ஆட்டோவோடு வந்து பெட்டிகளை ஏற்றினார். மச்சானைக் கேலி செய்ய நிறைய வைத்திருந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். செண்பகம் ஒன்றே ஒன்றை இறக்கச் சொன்னாள். தங்க டிராகன் வட்டு. மாவுப் பானை மூடிக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

அப்புறம் ஆசாரியும் வந்தார். ஹாலில் சின்னதாக ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே ஒற்றை வட்டு, சாவி செண்பகத்தின் இடுப்பில். வருகிறவர்களுக்கெல்லாம் அவளே கடல் அட்டை கதையைச் சொன்னாள், ரோச்சின் தாத்தாவையும் சேர்த்து. பாண்டியராஜன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தாங்கவில்லை. அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"ஏளா, அந்தச் சாவியக் குடேன். ஒரு தடவ கையில வச்சிப் பாத்துட்டுத் தாரேன்."

செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அலமாரியைத் திறந்தாள். அவர் ஆசையாகக் கையை நீட்டியபோது தடுத்தாள்.

"மொதல்ல வாயில துண்டக் கவ்வுங்க."