முதலில் தண்ணீர் கேளுங்கள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவனும் நான்தான்.

திருக்கோவிலூரிலிருந்து வரும் ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் ‘பகலவன்’ என்ற பெயரில் அவ்வப்போது எழுதுவேன். சில மாதங்களுக்கு முன் ‘வீடு வாங்கப் போகிறீர்களா?’ என்று ஒன்று எழுதினேன். மூலப்பத்திரத்தைப் பாருங்கள், வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள் என்று எல்லோரும் சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் என் சொந்தச் சரக்காக ஒன்று சேர்த்தேன்: ‘வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தண்ணீர் கேளுங்கள். குடித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.’

அனுபவம் பேசுகிறது என்று பத்திரிகை ஆசிரியர் பாராட்டினார். அனுபவம்தான். கள்ளக்குறிச்சியில் இந்த வீட்டைப் பார்க்க நாங்கள் வந்த அன்று, விற்றவர் தண்ணீர் தரவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்ன மரியாதை என்று நானும் தங்கமணியும் பூரித்துப் போனோம். [தங்கமணி என் மனைவி. இந்தக் கதையில் அவள் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் கொன்றுவிடுவாள்.]

பால் காய்ச்சிய அன்றே தெரிந்துவிட்டது. போர் தண்ணீர் படு உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். பத்திரத்தில் ஒரு குறையும் கிடையாது. குறை முழுக்கத் தரைக்குக் கீழே.

அந்த வீட்டைத்தான் இப்போது நான் விற்கிறேன்.

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். கிழித்ததை மறைக்காமல் இங்கேயே வைக்கிறேன்.

‘வெள்ளிமலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிய ஜீப்பில், மூடுபனியை விலக்கியபடி எழில்மதி...’ (மூடுபனியே இல்லை. நல்ல வெயில்.)

‘வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமெண்டும் அல்ல, அது ஒரு...’ (என்னவோ ஒன்று. விடுங்கள்.)

‘நான் அடிப்படையில் நல்லவன். ஆனால்...’ (இதற்கு மேல் பேனா நகரவில்லை.)

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

3

எழில்மதியும் அவள் கணவன் சரத்குமாரும் வெள்ளிமலைக்காரர்கள். அவன் மலைப்பாதையில் வாடகை ஜீப் ஓட்டுகிறான். இருவரும் வருடக்கணக்காகக் கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்ததை வைத்துக்கொண்டு கீழே ஒரு வீடு தேடினார்கள்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் நான் செய்த வேலைகளைக் கேளுங்கள். குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். கேன்களைத் தூக்கிப் போய் பீரோவுக்குப் பின்னால் ஒளித்தேன். பக்கத்து வீட்டு ராமசாமி வாய் சும்மா இருக்காது. அவர் குடும்பத்தோடு களமருதூருக்கு நடவுக்குப் போகிற நாளாகப் பார்த்துத்தான் இவர்களை வரச் சொல்லியிருந்தேன். வாங்குகிறவன் எங்கெங்கே ஏமாறுவான் என்று ஊருக்கே எழுதியவன் அல்லவா நான்! ஒவ்வொரு ஓட்டையும் எனக்கு அத்துப்படி.

எழில்மதி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

“அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா.”

நான் தங்கமணியைப் பார்த்தேன். அவள் தயாராகத்தான் இருந்தாள். கேன் தண்ணீரை ஊற்றி வைத்திருந்த பித்தளைச் சொம்பை எடுத்து வந்து கொடுத்தாள். எழில்மதி அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா கீதுக்கா தண்ணி. இதுல போட்டா பருப்பு பூவாட்டம் வேவும்.”

சரத்குமார் சிரித்தான். “எந்த வூட்டுக்குப் போனாலும் இவ மொதல்ல தண்ணிதான் சார் கேக்குறா. யாரோ பகலவன்னு ஒருத்தரு பொஸ்தகத்துல எழுதிட்டாராம். மாசாமாசம் அந்தப் பொஸ்தகக் கட்டு என் ஜீப்புலதான் மல ஏறுது, மொதப் பொஸ்தகம் இவளுக்குத்தான்.”

“அவரு புண்ணியத்துல ரெண்டு வூட்ட வேணாம்னுட்டு வந்தேன் சார். தண்ணிய வாயில வெக்க முடில,” என்றாள் எழில்மதி. “அவரு இந்தப் பக்கத்து ஆளாமே, உங்களுக்குத் தெரியுங்களா? பாத்தா ஒரு கும்புடு போடணும்.”

“தெரியாதும்மா,” என்றேன். “நல்லாத்தான் எழுதியிருக்காரு போல.”

பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். முன் ரூமில் மெஸ் வைக்கப் போகிறாளாம். அடுப்பு எங்கே, இலை போடுவது எங்கே என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள்.

“சாம அரிசிச் சோறு, பருப்புக் கொழம்பு, ரசம். வேற ஒண்ணும் வேணாங்கக்கா. பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற எங்க மல ஜனம் பூரா இங்கதான் சாப்புடும்.”

காலிச் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போன தங்கமணி, அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அடுத்த வளர்பிறையில் முன்பணம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

4

எழில்மதி என்ற பாத்திரத்தோடு எனக்குப் பெரிய தகராறு.

முதல் படியில் அவளைப் பேராசைக்காரி ஆக்கினேன். அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாள், நக்கலாகப் பேசுகிறாள். அப்படி எழுதிய அன்று இரண்டு தோசை கூடுதலாக உள்ளே போனது. ஆனால் அவள் அப்படி இல்லை. பேரமே பேசவில்லை.

அடுத்த படியில் அவளைக் கெட்டிக்காரி ஆக்கினேன். மலைச் சுனையில் குடித்துப் பழகிய நாக்கு, ஒரு வாய் குடித்ததும் ‘இது கேன் தண்ணி சார்’ என்று சொல்லிவிடுகிறது. எழுதும்போதே கண் கலங்கியது. பிறகு யோசித்தேன். பிடிபட வேண்டும் என்ற ஆசை எனக்கு. அந்த வேலையையும் அவள் தலையிலேயே கட்டப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நான் எழுதியதை நம்பினாள், நான் கொடுத்ததையும் நம்பினாள், அவ்வளவுதான்.

5

முடிவுகள் கைவசம் உண்டு. பாருங்கள்.

(அ) அவர்கள் வாசலைத் தாண்டும்போது தங்கமணி ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது சீறினாள்: “ஏன், உங்களுக்கு வாய் இல்லியா? எல்லாத்துக்கும் நான்தான் வரணுமா?”

(ஆ) பெரிய மழை பெய்து போர் தண்ணீர் இனிப்பாகிவிடுகிறது. இந்த முடிவை நான் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மழைதான் ஒத்துழைப்பதில்லை.

(இ) எழில்மதி குடி வருகிறாள். பால் காய்ச்சிய கையோடு முதல் உலை வைக்கிறாள். பருப்பு கொதிக்கிறது, கொதித்துக்கொண்டே...

(இதை முடிக்க முடியவில்லை. அந்தப் பருப்பு வேகாமல் கிடப்பதைப் பார்க்கப் போகிற முகம் எனக்குத் தெரியும். தங்கமணியிடம் பார்த்திருக்கிறேன்.)

6

எழில்மதி அவள் பெயரல்ல. சரத்குமாரும் அப்படியே. வீடு இருக்கும் தெருவையும் சொல்லவில்லை. பாவம், அவர்கள் பெயர் கெட வேண்டாமே என்றுதான் மாற்றியதாக நினைத்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. இந்தக் கதை வரும் இதழ், வளர்பிறைக்கு முன்பே அவன் ஜீப்பில் மலைக்குப் போய்விடும். படித்தால் அவள் கண்டுபிடிக்கக் கூடாது என்று மாற்றியிருக்கிறேன். குழாயைப் புளி போட்டுத் தேய்த்த அதே கைதானே இது.

அதனால் ஒன்றை மாற்றாமல் விடுகிறேன். அம்மா, நீ பார்த்த வீட்டின் பின்பக்கம், துவைக்கும் கல்லுக்கு அருகில், நீலத் துணி சுற்றிய ஒரு குழாய் இருக்கிறது. முன்பணத்தோடு வரும்போது மறுபடியும் தண்ணீர் கேள். சொம்பில் வந்தால் வாங்காதே. நேராகப் பின்னால் போய் அந்தக் குழாயை நீயே திற. கையில் பிடித்து ஒரு வாய் குடி. நான் தடுக்க மாட்டேன்.

மற்ற வாசகர்களுக்கும் இதேதான். எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயை நீங்களே திறங்கள். இந்தக் கதையின் முடிவும் அங்கேதான் இருக்கிறது. அதை எழுத வேண்டியவள் அவள்.

7

எழுதியதைத் தங்கமணிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு நம்பரு உங்க போன்லதான கீது?”

“ஆமா.”

“ஒரு போன் போட்டா முடிஞ்சிரும். அத்த வுட்டுட்டு இத்தினி பக்கம் எழுதிக்கினு கீறீங்க.”

அவள் சொல்வது சரிதான். கதையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். போன் இன்னும் போடவில்லை.