ஏசுபாதத்துக்குக் கொடுத்த நன்மை

தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருந்த சாம்பியன் ரீப்ஸ் லைனில் வாந்திபேதி வீடு வீடாக ஏறி இறங்கிய வாரம் அது. சுரங்கத்தில் பாறை உடைக்கும் ஏசுபாதம் ஷிப்டுக்குப் போகாமல் பாயில் சுருண்டு கிடந்தான். புருஷன் கடைசி நன்மை வாங்காமலே செத்துப்போய்விடுவானோ என்பதுதான் மரியகுழந்தையின் பயம். வாந்தி எடுப்பவன் வாயில் நன்மையை, ஆண்டவரின் உடலேயான அந்தத் திவ்ய அப்பத்தை, வைக்கக் கூடாது என்பது கோயில் சட்டம். சட்டம் போட்ட மகராசர்கள் யாரும் இந்த லைனில் குடியிருந்ததில்லை. அவள் பங்குச் சாமியாருக்கு ஆள் அனுப்பினாள்.

கொர்னேலியஸ் சாமியார் குனிந்து உள்ளே வந்தார். முப்பது வயதுகூட ஆகாத ஒல்லி மனிதர்.

"வாந்தி நின்னுதாம்மா?"

"காலையிலேர்ந்து இல்ல சாமி." ஈரத்துணியைக் காலால் பாய்க்கடியில் தள்ளிக்கொண்டே, வாய் கூசாமல் சொன்னாள்.

சாமியார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, ஏசுபாதத்தின் நாக்கில் நன்மையை வைத்தார். அவன் விழுங்கினான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செபம் முடியவில்லை, அவன் உடம்பு குலுங்கியது. சட்டியை நீட்டினாள். குமட்டி எடுத்துவிட்டுக் கண் செருகி நினைவு தப்பினான். சட்டியில் வெள்ளை அப்பம் கரையாமல் முழுசாக மிதந்தது.

"வெளிய ஊத்திட்றேன் சாமி!"

"ஆண்டவர எங்கம்மா ஊத்துவ?"

அவர் விரல் சட்டிக்குள் போனது. பதறிப்போனாள். "வேணாம் சாமி! வேணாம்!" அவள் அவர் கையைப் பிடிப்பதற்குள் அப்பத்தை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி விழுங்கிவிட்டார்.

ஏசுபாதம் பிழைத்துக்கொண்டான். சாமியார் அதே நோயில் படுத்துவிட்டார். மரியகுழந்தை ஓடிப்போய் அவர் கட்டிலருகே முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தாள்.

"பொய் சொல்லிட்டேன் சாமி. நான்தான் உங்கள..."

"தெரியும்மா. துணியப் பாத்தேன். அவன வெறும் வாயோட அனுப்ப எனக்கும் மனசு வரல." மூச்சு வாங்கியது. "உனக்கு அபராதம் ஒண்ணுதான். இது ஏசுபாதத்துக்குத் தெரியவே கூடாது. அவன் நிம்மதியா பூசைக்கு வரணும்."

மறுநாள் மதியம் கோயில் மணி துக்கத்துக்கு அடித்தது.

சவப்பெட்டிக்கு முதலில் தோள் கொடுக்கப் போனவன், இன்னும் நடை தள்ளாடிய ஏசுபாதம்தான். கல்லறையிலிருந்து திரும்பும்போது வழியிலேயே உட்கார்ந்து அழுதான்.

"தங்கமான மனுசன். எந்தப் பாவி வூட்ல போய் ஒட்டிச்சோ, இன்னாவோ! உனக்கு எதுனா தெரியுமா?"

மரியகுழந்தை அவன் பக்கத்தில் குனிந்தாள். அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எய்ந்திருய்யா. கஞ்சி ஆறிப்போவும்."