நிறுத்தாத பேருந்து

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் சட்டைக்குக் கை சுருக்கித் தந்த தையல்காரம்மா, குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னது: "அன்னைக்கு அவரு பஸ்ஸ நிறுத்தல பாருங்க, அதுக்கு ஆயுசுக்கும் நன்றி சொன்னாலும் போதாது."

'அவரு' என்றால் வீட்டுக்காரர், பஸ் டிரைவர். நிறுத்தாததற்கா நன்றி என்று கேட்டேன். மாட்டிக்கொண்டேன்.

(நேரில் 'நீங்கள்' என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். கோபித்துக்கொள்கிற ஆளில்லை.)

2

முதல் தொடக்கம்: 'ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால், கூண்டுப் பறவையாய் அவள்'

அடித்துவிட்டேன். பறவையாவது மண்ணாங்கட்டியாவது! மெஷினை மிதித்துக்கொண்டு, அளவு கொடுக்க வந்தவர்களின் தொப்பையைக் கிண்டலடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். வாசலைத் தாண்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: ஒருநாள் சந்தைக் கூட்டத்தில் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. செத்தோம் என்றே நினைத்தாள். பரிசோதித்தவர்கள் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? முதலில் சந்தை நின்றது, பிறகு பஸ், பிறகு தெருமுனை. கடைசி நிறுத்தத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது.

கணவரை வில்லனாக்கிப் பார்த்தேன். மனுஷன் ஒத்துழைக்கவில்லை. நூல்கண்டு, பட்டன், காய்கறி எல்லாம் அவரே வாங்கி வந்தார். "நீ ஏம்மா அலையற, நான் இருக்கேன்ல" என்பார். தங்கமான மனுஷன். அதுதான் தொல்லை.

3 (அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது)

இதைத் திறந்தவெளி அச்சம் என்கிறார்கள். பெயரைப் பார்த்து நானும் ஏமாந்தேன். அவளுக்குத் தெருமேல் பயமில்லை. அந்தப் படபடப்பு தெருவில் வைத்து வந்துவிட்டால் தப்பிக்க வழியில்லையே என்றுதான் பயம்.

மனநல டாக்டரம்மா முதலில் போனிலேயே பேசினார். "படபடப்பு ஏறும், அப்புறம் தானா இறங்கும். இறங்கறவரைக்கும் அங்கேயே இருங்க. பாதியில ஓடி வந்தீங்கன்னா, ஓடினதாலதான் பிழைச்சோம்னு மனசு நம்பிடும்."

மாத்திரையும் கொஞ்சம் உண்டு. மற்றபடி வைத்தியம் என்பது வாசற்படியில் நிற்பது, அது பழகியதும் கேட், அது பழகியதும் தெருமுனை. கேட்டில் வியர்த்து வழிய நின்றவளைப் பார்த்து, யாருக்குக் காத்திருக்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாளாம். பயம் போகட்டும் என்று நிற்கிறேன் என்றாளாம் இவள்.

4

அப்போது அக்கா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். "உன்னப் பாக்கணும்போல இருக்குடி" என்று போனில் அழுதாள்.

கணவர் ஓட்டும் பஸ்ஸிலேயே போவதென்று முடிவாயிற்று. அவர் சாலையைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் அவளைப் பார்த்ததுதான் அதிகம். அவள் முகம் வெளுத்ததுதான் தாமதம், நடுரோட்டில் பிரேக் போட்டார். பின்னால் ஹாரன்கள், உள்ளே வசவுகள். அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு அவளை இறக்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். பாசம் என்றுதான் நினைத்தார்.

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. "இந்தப் பயத்துக்கு நீங்கதான் தீனி போடறீங்க" என்று மெதுவாகச் சொன்னார். நல்லதுதானே செய்தேன் என்று அவர் முகம் தொங்கிப்போயிற்று. தையல்காரம்மாதான் சமாதானப்படுத்தினாள்: "அடுத்த தடவ நான் செத்தாலும் நிறுத்தாதீங்க. சாக மாட்டேன், பயப்படாதீங்க."

5

அடுத்த தடவை. பஸ் பாலத்தில் ஏறுகிறது. அவளுக்கும் படபடப்பு ஏறுகிறது. கண்ணாடியில் அவர் கண்கள். அவர் கால் பிரேக்குக்குப் போகத் துடிக்கிறது.

இங்கிருந்து இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இன்னொன்றில், பாலம் தாண்டியதும் இறங்கிவிடுகிறாள், அடுத்த வாரம் மறுபடி ஏறுகிறாள். அதுவும் தோல்வியில்லை.

இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒரே வரியில் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட என்னாலும் முடியும். நூல்கண்டு வாங்கி வருகிற மாதிரி. அதைத்தான் யாரும் செய்யக் கூடாதென்று இத்தனை பாடுபட்டாள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளுக்கு நான் காட்டுகிற நன்றி, சும்மா இருப்பதுதான்.

அவள் பக்கத்துச் சீட் காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். கையைப் பிடிக்காதீர்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்காதீர்கள்.

முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன்.