அருணா பார்த்துவிட்டு வந்த இடங்கள்

“பையை ஒழுங்கா புடிங்க. பொண்டாட்டி பையைப் புடிக்க என்னா வெக்கம்?” என்று என்னிடம் சொல்லிவிட்டு அருணாதேவி உள்ளே போனாள். கிரிவலப் பாதையில் அன்று அவள் பார்க்க வந்த கடைசிக் கழிவறை அது. வெளியே வந்ததும் கைபேசியில் ஏதோ தட்டினாள். இருவரும் டீ குடித்தோம். அந்த வாரமே மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனாள்.

மலை சுற்ற வரும் பெண்களுக்காக அவள் இணையத்தில் ஒரு வரைபடம் செய்திருந்தாள். பாதையோரம் இருக்கும் எந்த லிங்கத்தின் பெயரைத் தேடினாலும் பக்கத்தில் இருக்கும் பெண்கள் கழிவறைகள் வரும். யார் வேண்டுமானாலும் புது இடம் சேர்க்கலாம், குறிப்பைத் திருத்தலாம். ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் அருணா எதையும் ஏற்க மாட்டாள். “ஒரு பொம்பள இதை நம்பி அவ்ளோ தூரம் நடந்து போவாங்க” என்பாள்.

இப்போது வேங்கிக்கால் வீட்டில் என்னைக் கூப்பிடுவது அந்தத் தளத்தின் அறிவிப்புகள் மட்டும்தான். அவள் கணக்கில் நுழைந்து நான்தான் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் கழிவறைக்கு அவள் எழுதியிருந்தது: ‘கதவை உள்ளே தாழிட முடியாது. வெளியே ஒருவர் நிற்கவும்.’ யாரோ திருத்தம் அனுப்பியிருந்தார்கள்: ‘புதுத் தாழ்ப்பாள் போட்டாச்சு.’ ஏற்றால் அவள் எழுதியது அழிந்துவிடும். ஏற்காவிட்டால் அவள் வரைபடம் பொய் சொல்லும்.

பௌர்ணமியன்று சாயங்காலம் அங்கே போய் நின்றேன். ஆண்பிள்ளை, உள்ளே போக முடியாது. வந்த இரண்டு பெண்களில் மூத்தவரிடம், “அம்மா, உள்ள தாழ்ப்பாள் மாட்டுதான்னு பாத்து சொல்றீங்களா?” என்று கேட்டேன்.

“அது உனக்கு எதுக்குய்யா?”

கைபேசியைக் காட்டினேன். அவர் குரல் இறங்கியது.

“இதைப் பாத்துதான் நாங்களே வந்தோம். அருணாதேவின்னு பேர் போட்டிருக்குது, நீங்க மீசை வெச்சினு நிக்கிறீங்க?”

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அது என் வீட்டுக்காரம்மாங்க.”

“அப்போ அவங்களையே அனுப்பலாம் இல்ல?”

கைபேசியைக் கீழே இறக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு, “ஏண்டி, ஓடியாந்து புடி கதவை!” என்று கத்தினார். இளையவள் ஓடினாள்.

“தாழ்ப்பாள் புதுசுதாங்க” என்றார் வெளியே வந்து. “மாட்றதுக்குத்தான் நிலையில ஓட்டை போடல.”

அவர்கள் கூட்டத்தோடு நடந்து மறைந்தார்கள். நான் அங்கேயே நின்று திருத்தத்தை நிராகரித்தேன். அந்தக் கதவை இன்னமும் உள்ளே தாழிட முடியாது.