‘நான்’ என்று சொல்லாத இருளப்பன்

1

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே இந்தக் கதையின் முதல் வரியை எழுதினேன்: ‘நான் இருளப்பன்.’ அதோடு கதை படுத்துவிட்டது. என் இருளப்பனுக்குச் சந்தேகமே அந்த ‘நான்’ மேல்தான். ‘அவன்’ என்று மாற்றினேன். கதை ஓடியது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர் தள்ளி நின்றார்.

2

தேயிலைக்கு முன்னால் மலையில் காப்பி பயிரிட்ட கோப்பிக் காலம். மலைமுகட்டில் பனி கவிந்த ஒரு— (வேண்டாம். பனி எல்லாருடைய கதையிலும் இருக்கிறது.)

கண்டிக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டம். வேலைக்கு முன் ஆட்கள் வரிசையில் நிற்கும் காலைப் பெரட்டில் கங்காணி செல்லப்பா ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாள் இருளப்பன் பதில் சொல்லவில்லை. அந்தப் பெயர் தன்னுடையதுதானா என்று அவனுக்கு நிச்சயமில்லை. பழம் பறிக்கும் கை வேறு யாருடையதோ போலிருந்தது. நினைப்புகளை யாரோ வெளியிலிருந்து உள்ளே போடுவதுபோலிருந்தது. ஏசும் குரல்களும் கேட்டன. பயந்துபோய்ச் செடிகளுக்குள் ஒளிந்தான்.

இப்படிப்பட்டவனைப் பைத்தியங்களை அடைக்கும் இடத்துக்கு அனுப்பப் போவதாகச் செல்லப்பா சொன்னார். இருளப்பனின் மனைவி பாலம்மா முன்னால் வந்தாள்.

“அவரு பேருக்கு நான் ‘இருக்கேன்’னு சொல்றேன். கூப்பிடுங்க.”

பெரட்டே சிரித்தது. செல்லப்பாவுக்கும் அடக்க முடியவில்லை. கூப்பிட்டார்.

3

(இங்கே அவனைக் குணப்படுத்தி ஒரு பத்தி எழுதினேன். அழகான பத்தி. பாலம்மா நம்பமாட்டாள் என்பதால் அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். சில வருடங்களில் குரல்கள் ஓய்ந்தன, பயமும் போயிற்று. பழம் பறிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்த விலகல் மட்டும் போகவில்லை. பறிப்பவன் ஒருவன், பார்ப்பவன் இன்னொருவன் என்று பாலம்மாவிடம் சொல்வான். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சோறு வைத்திருக்கிறேன் என்பாள் அவள். புரையேறும்வரை சிரிப்பார்கள். (அவள் ஓடைப் பக்கம் தனியே போய் அழுத நாட்களும் உண்டு. அவற்றை அடிக்க எனக்கு உரிமையில்லை.)

4

பிறகு நோய் வந்து கோப்பி இலைகளில் மஞ்சள் பொட்டு விழுந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. தேயிலை வேலை தேடி இருவரும் நாவலப்பிட்டிப் பக்கம் நடந்தார்கள். பாதி வழியில் இருளப்பன் நின்றான்.

“பாலம்மா, நீ யாரைக் கட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் நடக்குற?”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“தெரியலை. நல்ல ஆளாத்தான் இருக்காரு.”

அதற்கு அவன் என்ன சொன்னான் என்று நான் எழுதவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஒரே கம்பளிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு இருவரும் ஓடுகிறார்கள். கேட்க விரும்புகிறவர் பின்னால் ஓடிப் போய்க் கேட்கலாம். எனக்கு மூச்சு வாங்குகிறது.